விழாவழியும் பொதுவெளியும்: காஞ்சிபுரத்தின் திறந்த நிலங்களை எது காக்கிறது?

1. கேள்வி

காஞ்சிபுரத்தில் பூங்கா எங்கே இருக்கிறது என்று கேட்டால் உள்ளூர்க்காரர் சற்று யோசிப்பார். மாலையில் காலாற எங்கே நடப்பீர்கள் என்று கேட்டால் யோசிக்க மாட்டார். குளக்கரை, கோயில் பிராகாரம், ராஜ வீதி, கைலாசநாதர் கோயில் புல்தரை, ஏரிக்கரை என்று அடுக்கிக்கொண்டே போவார். நகராட்சி 1866இல் அமைந்த ஊர் இது. 2021இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. ஆனால் ஊர் மூச்சு வாங்கும் இடங்களில் பெரும்பாலானவை மாநகராட்சியின் பூங்காப் பட்டியலில் வரக்கூடியவை அல்ல. குளம் அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறது. மேய்க்காலும் வண்டிப்பாதையும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கின்றன. பல்லவர் கோயில்களைச் சுற்றியுள்ள திறந்தவெளி மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. தெரு மட்டுமே மாநகராட்சிக்கு உரியது.

இந்த வெளிகள் இன்று வணிகக் கட்டடங்களாலும் மனைப்பிரிவுகளாலும் பெருந்திட்டங்களாலும் நெருக்கப்படுகின்றன. அவை இதுவரை எப்படித் தப்பின என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. பக்தியும் மரபும் காத்தன, நவீன வாழ்க்கை அழிக்கிறது என்பது முதல் விடை. அரசின் உடைமையும் கடுமையான சட்டமும் மட்டுமே காக்க முடியும் என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் காஞ்சிபுரத்துச் சான்றுகளை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதாதவை. ஆண்டுதோறும் ஒருவர் வந்து உரிமையோடு பயன்படுத்திய இடமே தப்பியிருக்கிறது. அந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தப்பியிருக்கிறது. இந்த இரண்டு வரம்புகளையும் உணராத எந்தப் பாதுகாப்புச் சட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. பழைய சான்றுகளும் அவற்றின் எல்லையும்

பொதுவெளி பற்றிப் பேசும் தமிழ்க் கட்டுரைகள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தொடாமல் போவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், முதலாம் பராந்தகனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோட்டத்துக்கும் ஏரிக்கும் தனித்தனிக் குழுக்கள் இருந்தன என்பது உண்மையிலேயே குறிப்பிடத்தக்கது.

ஆனால் இதை இன்றைய பூங்காக் குழுவின் முன்னோடியாகக் காட்டுவது மிகை. உறுப்பினராக விரும்புபவருக்கு வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணருக்குக் கொடையாக அளித்த ஊரின், சபை. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அந்தச் சபையில் இடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆக, கல்வெட்டு நமக்குத் தருவது நிர்வாகத்தின் சான்று. அனைவருக்குமான அணுகல் அதில் இல்லை.

இரண்டாவது சான்று பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கற்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு நில அளவை நடத்தினார். சுமார் இரண்டாயிரம் ஊர்களின் ஏரி, குளம், தோப்பு, குடியிருப்பு, விளைநிலம், தரிசு ஆகியவை வகைவாரியாகப் பதிவாயின. காந்தியச் சிந்தனையாளர் தரம்பாலின் வழியில் இந்த ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், ஊர் விளைச்சலில் கோயிலுக்கும் நீர்நிலைப் பராமரிப்புக்கும் ஊர்ப் பணியாளருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதை எடுத்துக்காட்டியுள்ளனர். ஏரியைக் காப்பது தனியொரு நற்செயலாக இல்லாமல் ஊர்க் கணக்கின் பகுதியாக இருந்தது என்பதே இதன் முக்கியத்துவம். வருமானம் கம்பெனியின் கருவூலத்துக்குத் திரும்பியபோது அந்தக் கணக்கு அறுந்தது.

இதே மாவட்டத்திலிருந்து வரும் மூன்றாவது சான்று முதல் இரண்டின் மயக்கத்தைத் தெளிய வைக்கிறது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, தாழ்த்தப்பட்ட மக்கள் தரிசு நிலத்தைக்கூடப் பெற முடியாதபடி மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள் என்பதை விவரித்தது. மனைக்கட்டு கூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த 1892ஆம் ஆண்டு ஆணை இந்தப் பின்னணியில்தான் பிறந்தது. ஊருக்குப் பொதுவானது என்று சொல்லி நிலத்தை மூடி வைப்பது, சேரிக்கு அதை மறுக்கும் வழியாகவும் இருந்திருக்கிறது. பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்டெடுப்பது நம் நோக்கமாக இருக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியைப் பார்த்த ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டஸ் அதன் அமைப்பைக் கண்டு வியந்து எழுதினார். கோயில்களின் சிறப்பைவிட, அகன்ற தேர்வீதிகளும் தோட்டத்தோடு கூடிய வீடுகளும் குளங்களும் ஒன்றோடொன்று இயைந்திருந்த விதமே அவரைக் கவர்ந்தது. சுகாதாரத்தின் பெயரால் குளங்களைத் தூர்ப்பதை இந்திய நகரங்களில் தொடர்ந்து எதிர்த்தவர் அவர். ஐரோப்பாவில் தோட்ட நகரம் என்று புதிதாகப் பேசப்பட்டதன் நெடுநாள் வடிவத்தை அவர் இங்கே கண்டார். அந்த இயைபை யார், எந்த விலை கொடுத்துக் காத்தார்கள் என்ற கேள்வி அவருடைய வியப்புக்கு வெளியே நின்றது.

3. விழாவழிகள் தரும் சாட்சியம்

கெட்டஸ் விட்ட கேள்விக்கு விடை தேட விழா நாட்காட்டி உதவும். காஞ்சி வரதராஜர் ஓரிடத்தில் இருக்கும் தெய்வம் அல்லர். வைகாசிக் கருட சேவையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை வந்து, நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தையும் ராஜ வீதிகளையும் தொட்டுத் திரும்புகிறார். தைப்பூசத்தை ஒட்டி ராஜகுளத்தில் தெப்பம் காண்கிறார். மாட்டுப் பொங்கலன்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் சென்று பழையசீவரம் மலையில் பார்வேட்டை நடத்துகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் அங்கே எதிர்க்கரையில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குள் இறங்கி, பின்னர் பாலாற்று மணலுக்குப் போகிறார். வழிநெடுக மண்டகப்படிகள், அதாவது பெருமாள் தங்கி உபசாரம் ஏற்கும் நிறுத்தங்கள், நடக்கின்றன.

வரதராஜர் கோயில் விழாக்களை நெடுநாள் ஆராய்ந்துவரும் ஊதே ஹூஸ்கனும், 'கான்ஸ்ட்ரக்டிங் காஞ்சி' (2021) என்ற நூலில் நகரின் உருவாக்கத்தை ஆராய்ந்த எம்மா நடாலியா ஸ்டைனும், காஞ்சியைப் புரிந்துகொள்ளக் கோயில்களோடு அவற்றை இணைக்கும் வழிகளையும் பார்க்க வேண்டும் என்பதை வெவ்வேறு கோணங்களில் காட்டியுள்ளனர். அந்தப் பார்வையை நிலப் பாதுகாப்புக்கு நீட்டிப் பார்க்கலாம். விழாவழி என்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நில ஆய்வு. பல்லக்கு போக வேண்டிய இடத்தில் திண்ணை நீண்டிருந்தால் அன்று தெரிந்துவிடும். தெப்பம் மிதக்க வேண்டிய குளத்தில் குப்பை கொட்டியிருந்தால் அன்று கேள்வி வரும். கேட்பதற்கு உரிமையுள்ள தரப்புகளும் உண்டு: தீர்த்த மரியாதை பெறும் தீர்த்தக்காரர், மண்டகப்படிதாரர், பல்லக்கு சுமக்கும் பாதந்தாங்கிகள், தெருவாசிகள்.

நடவாவி இதற்கு மிகத் தெளிவான சான்று. ஐயங்கார்குளத்தின் சஞ்சீவிராயர் கோயிலும் தாதசமுத்திரம் எனப்பட்ட பெருங்குளமும் விஜயநகரப் பிற்காலத்தில் தாதாசாரியார் முயற்சியால் அமைந்தவை. அருகிலுள்ள நடவாவியில் தரைக்குக் கீழே படிகளின் வழி இறங்கினால் கல்மண்டபம் வரும், அதன் நடுவே கிணறு. ஆண்டின் பெரும்பகுதி மண்டபம் நீரில் மூழ்கியிருக்கும். பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்தால்தான் பெருமாள் உள்ளே வலம் வர முடியும். தூர்ந்த கிணற்றில் இந்த விழாவை நடத்த முடியாது. ஆகவே கிணறு தூரவில்லை.

இந்த வாதத்தை இதே இடத்தில் நிறுத்திவிட்டால் மரபின் புகழ்ச்சியாகிவிடும். விழா எதைக் காக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மண்டகப்படிக்கு ஒரு காலத்தில் தோப்பு தேவைப்பட்டது. இன்று பந்தல் போட்ட வாசல் போதும். தோப்பு போனாலும் மண்டகப்படி நிற்காது. பழையசீவரத்துக்குப் போகும் வழியில் தார்ச்சாலை போதும், நிழல் மரம் இல்லாவிட்டாலும் பார்வேட்டை நடக்கும். வேகவதியைப் பாலத்தின் மேல் கடந்துவிடலாம். கீழே ஓடுவது நீரா கழிவா என்பது ஊர்வலத்துக்குத் தடையாகாது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டி நடத்தும் சடங்குக்குச் சில அடி மணல் போதும், ஆற்றின் மற்ற மணல் லாரியில் போய்விட்டாலும் அந்த நாள் கழிந்துவிடும். கிணறு இல்லாமல் நடவாவி விழா இல்லை என்பதால் கிணறு பிழைத்தது. தோப்பு இல்லாமலும் தோப்பு விழா நடத்த முடியும் என்பதால் தோப்பு பிழைக்கவில்லை. பயன்பாடு தனக்கு இன்றியமையாததை மட்டுமே காக்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. ஊர்வலத்தில் பிரபந்தம் சேவிக்கும் உரிமை வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாருக்கா தென்கலையாருக்கா என்ற வழக்கு, கம்பெனிக் காலத்தில் தொடங்கி இந்த நூற்றாண்டின் உயர் நீதிமன்றம் வரை நீண்டிருக்கிறது. வாழித்திருநாமத்தின் வரிசைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடத் தெரிந்த சமூகம், அந்தக் கோஷ்டி நடந்து செல்லும் வழியின் தோப்புக்கும் கால்வாய்க்கும் அதே பிடிவாதத்தோடு வழக்காடவில்லை. வழக்காடும் திறமைக்குக் குறைவில்லை. தோப்பு தங்கள் உரிமையின் பகுதி என்று எந்தத் தரப்பும் கருதவில்லை என்பதுதான் குறை.

4. தறியும் தெருவும்

காஞ்சியின் மற்றொரு பொதுவெளி தொழிலைச் சார்ந்தது. பட்டுப் பாவுக்கு (தறியின் நெடுக்கு இழைகளுக்கு) கஞ்சித் தண்ணீர் தோய்த்து வெயிலில் உலர்த்த நீளமான, நேரான, திறந்த இடம் வேண்டும். பாவை நீட்ட வீட்டின் உள்ளறை போதாது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தெருவே பட்டறையின் நீட்சியாக இருந்தது. காலை வெயிலில் தெருவின் நெடுகிலும் பாவு நீட்டி, இழை அறுந்ததைக் கூட்டிக் கட்டி, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் வண்டி அந்த வழியாக வராது. அரசாணை ஏதும் இல்லாமல், தெருவாசிகள் தமக்குள் வைத்துக்கொண்ட நேர ஒழுங்கு அது.

2005ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டின் இழை, சரிகை, கோர்வை நெசவு ஆகியவற்றை அது காக்கிறது. அந்தப் பட்டு உருவான தெருவைக் காக்க அதில் வழியில்லை. மோட்டார் வாகனங்கள் பெருகின, வீட்டு முகப்புகள் கடைகளாயின, ஊரின் பெரிய சாலைகள் பட்டு வாங்க வரும் கார்களின் நிறுத்தமாயின. பட்டு வணிகம் வளர வளரப் பட்டு நெய்வதற்கான வெளி சுருங்கியது. வணிகப் பெருக்கம் என்றால் வெளியிலிருந்து வரும் பெருநிறுவனம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். காஞ்சியில் அந்த ஊரின் பெயரால் நடக்கும் வணிகமே அந்த ஊரின் வெளியைத் தின்கிறது.

சாயப்பட்டறைக் கழிவை ஏற்று, ஊருக்குள் ஓடி, நத்தப்பேட்டை ஏரியை நோக்கிச் செல்லும் மஞ்சள்நீர்க் கால்வாயின் கதையும் இதையொட்டியது. மழைநீர் வடிகாலாக இருக்க வேண்டியது கழிவுநீர் வழியாகிவிட்டது. கரையில் நடப்பவர் இல்லாமல் போன பிறகு, கரையைக் கேட்பாரும் இல்லாமல் போயினர்.

5. சட்டம் எதைக் காண்கிறது?

தமிழ்நாட்டில் இதற்கென ஒரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், உள்ளாட்சிகள் தம் எல்லையில் உள்ள அத்தகைய இடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. பட்டியலில் ஏறிய இடத்தை முன் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது. சட்டத்தின் வலிமையும் பலவீனமும் அந்தப் பட்டியல்தான். உள்ளாட்சி தன்னுடையது என்று கருதும் பூங்காவும் திடலும் அதில் ஏறும். கோயில் குளக்கரையையோ ஏரிக்கரைப் பாதையையோ மாநகராட்சி தானாக அதில் சேர்க்கப் போவதில்லை.

புதிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி மற்றொரு கருவி. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு இது கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றில் நிலத்துக்குப் பதில் பணம் செலுத்தவும் வழி உண்டு. பணம் கருவூலத்துக்குப் போகும், பிள்ளைகள் விளையாடும் இடம் அந்தத் தெருவில் கிடைக்காது. ஒதுக்கப்படும் நிலமும் மனைப்பிரிவின் வசதிக்கு ஏற்பத் தீர்மானிக்கப்படுகிறதே தவிர, பக்கத்து ஏரிக்கரையோடோ பழைய வண்டிப்பாதையோடோ இணைவதில்லை.

2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் (இன்று நீர்வளத் துறையின்) கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்குப் பொருந்தும். கோயில் குளமும் ஊராட்சிக் குட்டையும் அதற்கு வெளியே நிற்கின்றன. இந்து சமய அறநிலையச் சட்டம் குளத்தைக் கோயில் சொத்தாகக் காக்கிறது. ஊரார் நடக்கும் இடமாக அதைக் காண்பதில்லை. காஞ்சியில் திறந்தவெளியை மிக உறுதியாகக் காக்கும் சட்டம் பூங்காச் சட்டமே அல்ல. தொல்லியல் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள், மதங்கேசுவரர், முக்தேசுவரர் முதலிய கோயில்களைச் சுற்றி இந்த வளையங்கள் விழுகின்றன. கல்லைக் காக்கப் போட்ட வட்டம் காற்றையும் கொஞ்சம் காக்கிறது. அதே வட்டத்துக்குள் தலைமுறைகளாக வாழும் ஏழைக் குடும்பம் வீட்டைப் பழுதுபார்க்க அனுமதிக்காக அலைய வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீதிமன்றங்கள் தந்த தீர்ப்புகள் சட்டங்களைவிடத் தெளிவானவை. பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அப்பகுதிவாசிகள். வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதில் உறுதியானது. லக்னோவின் அமீனாபாதில் பூங்காவுக்கு அடியில் வணிக வளாகம் கட்டியதை 1999இல் அதே நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. பஞ்சாபில் ஊர்க்குளத்தை ஆக்கிரமித்த வழக்கில் 2011இல் வந்த ஜக்பால் சிங் தீர்ப்பு, பொதுநில ஆக்கிரமிப்பை முறைப்படுத்தும் போக்கையே கண்டித்தது. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: அந்த இடம் பூங்கா அல்லது குளம் என்று அரசு ஆவணத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பதிவில்லாத பயன்பாட்டுக்கு இந்தத் தீர்ப்புகளின் நிழல் எளிதில் எட்டாது.

6. பொதுநோக்கம் என்ற வாசல்

வணிகத்திடமிருந்து காக்க அரசின் கையில் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று நம்புபவர்கள் சென்னைப் பீப்பிள்ஸ் பார்க்கின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் முன்முயற்சியில் 1859-60ஆம் ஆண்டுகளில் உருவான அந்தப் பூங்கா 116 ஏக்கர். குளங்களும் வண்டிப்பாதைகளும் விலங்குக் காட்சிசாலையும் அதில் இருந்தன. அதை எந்த வணிகரும் ஒரே நாளில் வாங்கவில்லை. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம், ரயில்வே விரிவாக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பொதுநோக்கம் இருந்தது. கூட்டிப் பார்த்தபோது பூங்கா இல்லை. மாம்பலம் நீண்ட ஏரி தியாகராய நகரானதும், நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் இதே வழியில்தான். பூங்காவைக் கட்டிய மாநகராட்சியே பூங்காவின் மேல் தன் அலுவலகத்தைக் கட்டிக்கொள்ள முடியும் என்றால், உடைமை மட்டும் பாதுகாப்பு ஆகாது.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்த வாசல் மேலும் அகலமாகத் திறந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைப் புறம்போக்கு உள்ளிட்ட அரசு நிலங்களைத் திட்டத்தோடு ஒருங்கிணைக்க வழி செய்கிறது. வல்லுநர் குழு, மக்கள் கருத்துக் கேட்பு ஆகியவை சட்டத்தில் உண்டு. ஆனால் பெருந்திட்டமாக இருப்பதே விதிவிலக்குக்குத் தகுதியாகிவிடுகிறது. குட்டைக்கரையில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர், குட்டையை முழுதாக விழுங்கும் திட்டம் சிறப்புத் திட்டம் என்ற நிலை சட்டத்தின் சமன்பாட்டைக் குலைக்கிறது.

2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. பதின்மூன்று ஊர்களைத் தொட்டு, ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல் பரவும் திட்டம் அது. நிலத்தில் கணிசமான பகுதி ஏரியும் குளமும் கால்வாயுமான அரசுப் புறம்போக்கு. பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை கொண்டு செல்லும் கம்பன் கால்வாய் அந்தப் பரப்பின் வழியே போகிறது. ஏகனாபுரம் மக்கள் நீண்ட நாட்களாகப் போராடிவருகிறார்கள். விமான நிலையம் தேவையா என்பது வேறு விவாதம். இங்கே நம் கவனத்துக்கு உரியது, பட்டா நிலத்துக்கு இழப்பீட்டுக் கணக்கு இருக்க, ஊரார் கூட்டாகப் பயன்படுத்திய ஏரிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கணக்கே இல்லை என்பது. அரசு நிலம் அரசுக்கே கைமாறுவதாகப் பதிவேட்டில் தோன்றும். ஆடு மேய்த்தவரும் மீன் பிடித்தவரும் கோரைப்புல் அறுத்தவரும் அந்தக் கைமாற்றத்தில் எங்கும் காணப்பட மாட்டார்கள்.

7. ஆக்கிரமிப்பாளர் யார்?

வேகவதி ஆற்றங்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆக்கிரமிப்பாகக் கணக்கிடப்பட்டன. அக்குடும்பங்களை மாற்றுவதற்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றை மீட்பது அவசியம். வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அந்த வீடுகள்தான். ஆனால் ஆற்றோரத்தில் குடியேறியவர்கள் ஏன் அங்கே குடியேறினார்கள் என்ற கேள்வியை ட்ரெமன்ஹீர் அறிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மனைக்கட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சியது யாரும் வேண்டாத விளிம்பு. அந்த விளிம்பு இன்று மதிப்புள்ள கரையாக மாறும்போது வெளியேற்றப்படுவதும் அவர்களே.

ஆக்கிரமிப்பு அகற்றல் ஆற்றங்கரையின் ஓட்டு வீட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டால், அதைப் பொதுவெளிப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது. கால்வாயின் மேல் பலகை போட்டு வாசல் அமைத்த கடையும், வரத்துக்கால்வாயை மனையாகப் பிரித்து விற்றவரும், குளக்கரையில் அலுவலகம் எழுப்பிய துறையும் அதே அளவுகோலுக்கு உட்பட வேண்டும். அப்படி உட்படாத நடவடிக்கை, கரையை வேறொரு வகை வாங்குபவருக்காகத் துடைத்து வைப்பதாகவே முடியும்.

8. பயன்பாட்டைச் சான்றாக்குதல்

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் காஞ்சியின் பிரச்சினை சட்டமின்மை அல்ல என்பது தெளிவாகும். பயன்பாட்டைச் சான்றாக ஏற்கும் ஏற்பாடு இல்லை என்பதே பிரச்சினை. இதற்கு வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் முன்னுதாரணங்கள் உண்டு.

இங்கிலாந்தில் ஓர் ஊரார் ஒரு நிலத்தில் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் இருபது ஆண்டுகள் விளையாடியும் நடந்தும் வந்திருந்தால், அதை ஊர்ப்பசும்புல் வெளியாகப் பதிவு செய்யக் கோரலாம். நிலம் யாருடையது என்பது அதற்குத் தடையில்லை. 2006ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டம் இதை விரிவாக வகுத்தது. கட்டுமான நிறுவனங்களின் அழுத்தத்துக்குப் பிறகு 2013இல் ஒரு கட்டுப்பாடு வந்தது: வளர்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பம் பதிவான நிலத்தில் இப்பதிவைக் கோர முடியாது. பதிவு முந்தியதா, திட்டம் முந்தியதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பது அந்த அனுபவத்தின் பாடம்.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழக்காற்று வசதியுரிமையை 18ஆம் பிரிவில் ஏற்கிறது. பொதுமக்களுக்கு ஒரு நிலத்தின் மேல் உள்ள வழக்காற்று உரிமைகளை அச்சட்டம் பாதிக்காது என்று 2ஆம் பிரிவு காப்பளிக்கிறது. ஆக, நடந்த வழிக்கு உரிமை உண்டு என்ற கருத்து நம் சட்டத்துக்கு அந்நியமானதல்ல. அதை நிரூபிக்க ஒவ்வொரு முறையும் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டியிருப்பதே தடை.

எனவே செய்யக்கூடியது, பயன்பாட்டுப் பதிவேடு ஒன்றைத் தயாரிப்பது. மாநகராட்சி, வருவாய்த் துறை, நீர்வளத் துறை, அறநிலையத் துறை ஆகிய நான்கும் தனித்தனியே வைத்திருக்கும் பதிவுகளின் மேல், இந்த இடத்தை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஐந்தாவது பதிவு ஏற வேண்டும். நடவாவி விழாவின் வழியும் ராஜகுளம் தெப்பமும் அதில் ஏறலாம். பாவு நீட்டும் தெருவும், பிள்ளைகள் பந்து விளையாடும் ஏரிப்படுகையும், சுடுகாட்டுப் பாதையும், மேய்ச்சல் நிலமும், மீன்பிடி உரிமையும் சம மதிப்போடு ஏற வேண்டும். அவற்றில் தகுதியுள்ளவை 1959ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலுக்குள் வர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விழாவை மட்டும் சான்றாக ஏற்றால், விழா நடத்தும் வசதியுள்ள சமூகங்களுக்கே பொதுவெளி சேரும். தேர் நுழையாத தெருக்கள் பதிவேட்டுக்கும் வெளியே போய்விடும். மதச் சடங்கை நிலவுரிமையின் ஒரே ஆதாரமாக்குவது அண்டை வீட்டாரின் வழிபாட்டிடத்தின் மேல் உரிமை கோரும் கருவியாகவும் திரியலாம். ஆகவே அன்றாடப் பயனுக்கு விழாவைவிடக் குறைந்த எடை கொடுக்கக் கூடாது. மேலும், பயன்பாடு தனக்குத் தேவையான அளவையே காக்கும் என்பதால், பதிவேடு வழியின் அகலத்தோடு நின்றுவிடக் கூடாது. வழியின் நிழல் மரம், குளத்தின் வரத்துக்கால்வாய், ஆற்றின் மணற்படுகை ஆகியவையும் வழியின் உறுப்புகளாக எழுதப்பட வேண்டும்.

இதற்கு உகந்த காலம் இதுதான். சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தும் ஆணை 2022இல் வந்தது. காஞ்சிபுரமும் அதற்குள் வருகிறது. ஊருக்கான புதிய வளர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு பயன் குறிக்கப்படும். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வரைபடம் வண்ணம் பெற்றுவிட்டால், அங்கே நாங்கள் நடந்தோம், பாவு நீட்டினோம் என்று மெய்ப்பிக்கும் சுமை மக்கள்மேல் விழும். பயன்பாட்டுப் பதிவேடு முந்திக்கொண்டால், நடக்கும் வழியை ஏன் மூட வேண்டும் என்று மெய்ப்பிக்கும் சுமை மூட விரும்புபவர்மேல் விழும். காஞ்சியின் திறந்தவெளிகளுக்கான போராட்டத்தில் முதலில் வெல்ல வேண்டியது இந்தச் சுமையின் இடமாற்றத்தைத்தான்.